குழந்தைகளுக்கான கொள்கை வார்டுக்கு வரும்போது: ஏரியா சபையா, குழுவா, பள்ளியா?

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒருநாள் டீக்கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டார்: "குழந்தைங்களுக்குன்னு ஏதாவது செய்யணும்ணே. பூங்காவுல ஊஞ்சல் மாட்டுறது காண்ட்ராக்டர் வேலை, அதச் சொல்லல. ஜனங்களையும் சேர்த்துக்கிட்டுச் செய்யணும். எங்க ஆரம்பிக்கிறது?"

நான் இரண்டு வருடம் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தவன். ஏரியா சபை கூடினால் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருபவன். அந்த நம்பிக்கையில் கேட்டிருப்பார். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய பதிலாக அது இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததில் நான்கு வழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் இதே யோசனையில் இருக்கும் கவுன்சிலர்களுக்கும் குடியிருப்போர் சங்கத்தாருக்கும் பயன்படலாம்.

முதலில் எதைச் செயல்படுத்தப் போகிறோம் என்று பார்த்துவிடலாம். குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை 2013 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பிருந்தது 1974-ல் வந்த கொள்கை. அது குழந்தைகளை நாட்டின் மிக முக்கியமான சொத்து என்றது. 2013 கொள்கை 18 வயது நிரம்பாத ஒவ்வொருவரையும் உரிமையுள்ள ஆளாகவே பார்க்கிறது. உயிர்வாழ்வும் உடல்நலமும் ஊட்டச்சத்தும் ஒன்று, கல்வியும் வளர்ச்சியும் இன்னொன்று, பாதுகாப்பு மூன்றாவது, பங்கேற்பு நான்காவது என்று நான்கு முன்னுரிமைகளை வைத்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும், அதில் குழந்தைகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாடும் 2021-ல் தனக்கென ஒரு மாநிலக் கொள்கையை வெளியிட்டது.

சரி, இதில் மாநகராட்சிக்கு என்ன வேலை? இங்கேதான் ஒரு விசித்திரம். அரசியல் சாசனத்தின் 11-வது அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 பொறுப்புகளைப் பட்டியல் போடுகிறது. அதில் 25-வது, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில் 18 பொறுப்புகள். பூங்கா இருக்கிறது, விளையாட்டுத் திடல் இருக்கிறது, பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறது, கால்நடைப் பட்டிகூட இருக்கிறது. குழந்தைகள் மேம்பாடு என்று தனியாக ஒரு வரி இல்லை. நலிந்த பிரிவினர் நலன் என்ற பொது வரிக்குள் நாமாகச் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத்தில் இல்லாதது தெருவில் எப்படித் தெரியும் என்பதற்கு எங்கள் அங்கன்வாடித் தண்ணீர்த் தொட்டி சாட்சி. ஆடிக் காற்றில் மூடி பறந்துவிட்டது. தொட்டிக்குள் வேப்பிலையும் காக்கா எச்சமும். வார்டு பொறியாளரிடம் போனோம். "அது ஐசிடிஎஸ் சென்டர் சார்" என்றார். அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் ஐசிடிஎஸ். அதன் மேற்பார்வையாளரிடம் போனோம். "பில்டிங் கார்ப்பரேஷனோடது சார், நாங்க கைவைக்க முடியாது" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். கட்டடம் ஒரு துறை, ஊழியர் ஒரு துறை. அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாத்தா பழைய இரும்புக் கடையில் தகரம் ஒன்றை வாங்கி, கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனார். அந்தத் தகரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்தத் தொட்டியை மனதில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பாருங்கள்.

முதலாவது, ஏரியா சபை. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பல வருடம் கேட்டுக் கிடைத்தது இது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, அதே வருடம் விதிகள் வந்து, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகக் கூடியது. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதற்குக் கீழே வார்டைப் பிரித்துப் பல ஏரியா சபைகள். இதன் பெரிய பலம், பேசியது மினிட்ஸில் ஏறும் என்பது. பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "நீங்கள் சொல்லுங்கள்" என்று ஒருவரையொருவர் கைகாட்டினாலும் அது நாற்பது பேர் முன்னால் நடக்கும்.

பலவீனம் அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஏரியா சபை என்பது அந்தப் பகுதி வாக்காளர்களின் சபை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் அதில் உறுப்பினர் இல்லை. வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு இங்கே ஓட்டு இல்லை. அப்படியென்றால் அவர்களின் பிள்ளை இரண்டு தடவை வெளியே நிற்கிறது. நடைமுறை இன்னும் மோசம். நான் போன கூட்டம் எல்லாவற்றிலும் முதல் ஒரு மணி நேரம் சாக்கடைக்குப் போகும், அடுத்த அரை மணி தெருநாய்க்குப் போகும். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்திருந்தாள். டியூஷன் முடிந்து வரும் சந்தில் இருட்டாக இருக்கிறது, அங்கே சில பேர் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று சொன்னாள். பதிவேட்டில் 'தெருவிளக்கு - 1' என்று எழுதிக்கொண்டார்கள். பத்து நாளில் விளக்கு எரிந்தது. குடிக்கிறவர்களுக்கு வெளிச்சம் வசதியாகப் போயிற்று. அவள் சொன்னதில் பாதிதான் தாளில் ஏறியது. மீதியை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஒரு உதாரணம் உண்டு. 2024 அக்டோபர் கடைசியில், மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வசூலிக்கலாம் என்று மன்றம் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான். ஆனால் சாயங்காலம் அங்கே பந்து உதைக்கிற பையன்களை முதலிலேயே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்மானமே வந்திருக்காது.

இரண்டாவது வழி, குழந்தைகள் பாதுகாப்புக் குழு. குழந்தைகள் பாதுகாப்புக்கென மத்திய அரசு நடத்தும் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டுதல்கள், உள்ளாட்சியில் ஏற்கெனவே சமூகநீதி அல்லது பெண்கள், குழந்தைகள் நலனைப் பார்க்கும் குழுவிடமே இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்கின்றன. அதற்கு முந்தைய திட்டத்தில் கிராம, வார்டு அளவுக் குழுக்கள் இருந்தன. கிராமக் குழுவில் குழந்தைப் பிரதிநிதிகள் இரண்டு பேருக்கு இடமும் இருந்தது. தலைவர் உள்ளாட்சிப் பிரதிநிதி. அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், சுகாதாரச் செவிலியர் போன்றவர்கள் உறுப்பினர்கள்.

தாளில் பார்த்தால் நாம் தேடியது இதுதான் என்று தோன்றும். பள்ளியை நிறுத்திய பிள்ளை, வேலைக்குப் போகும் பிள்ளை, கல்யாணம் பேசிவிட்ட பெண், வீட்டில் அடி வாங்கும் பையன் என்று யாருக்கும் தெரியாமல் போகிற விஷயங்களைக் கண்டுபிடிக்க இந்தக் குழு வேண்டும். நம் ஊர்க் குழுக்களின் கஷ்டம் வேறு. கூடுவதே அபூர்வம். கூடினாலும், தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கி, குரூப் போட்டோ எடுத்து, வாட்ஸாப்பில் போட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்த வாட்ஸாப்பில்தான் எனக்குப் பயம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ சட்டத்திலும் இதற்கு ஒரு பிரிவு உண்டு. தெருக்காரர்களையே வைத்து நடத்தும் குழுவில், "அந்த மூணாவது வீட்டுப் பொண்ணு" என்று யாராவது ஆரம்பித்தால் போதும். பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கொள்கையின் மூன்றாவது முன்னுரிமையான பாதுகாப்புக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். நான்காவதான பங்கேற்புக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். சமூகத்தைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று இரண்டையும் ஒரே பந்தலுக்குக் கீழே வைப்பதுதான் பல ஊர்களில் நடக்கும் தப்பு. பந்தலில் பாதுகாப்பைப் பேசினால் பிள்ளை அம்பலப்படும். மூடிய அறையில் பங்கேற்பை நடத்தினால், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே கவுன்சிலருக்கு நான் சொன்னது: இந்தக் குழுவை விடாதீர்கள், ஆனால் பெருக்காதீர்கள். ஐந்தாறு பேர் போதும். போட்டோ வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணும், குழந்தைத் திருமணத் தடுப்பு அதிகாரியான மாவட்டச் சமூக நல அலுவலரின் எண்ணும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ம் எல்லாருடைய போனிலும் இருக்க வேண்டும். விசாரிப்பது குழுவின் வேலை இல்லை, தெரிந்ததை உரிய இடத்துக்குத் தெரிவிப்பதுதான். எங்கள் ஆட்களுக்குப் பஞ்சாயத்து பேசிச் சமாதானம் செய்து வைக்கிற பழக்கம் உண்டு. அது இந்த விஷயத்தில் ஆபத்து.

மூன்றாவது வழி, பள்ளி மேலாண்மைக் குழு. நான் இருந்த இடம் என்பதால் கொஞ்சம் சாய்வு இருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் வரும் குழு இது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் மறுகட்டமைப்பு செய்தபோது தலைவர் பொறுப்புக்கு ஒரு தாயைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. ஆக கவுன்சிலர் ஏற்கெனவே இதற்குள்தான் இருக்கிறார், பல பேருக்கு அது ஞாபகம் இருப்பதில்லை. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடும் கடமையும் மானியச் செலவைப் பார்க்கும் அதிகாரமும் சட்டப்படி இந்தக் குழுவுக்கு இருக்கின்றன.

நான்கிலும் இதுதான் கெட்டியானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் 2016. அந்த அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகரங்களில் அடுத்த தேர்தல் நடந்தது 2022-ல். ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி, கவுன்சிலரே கிடையாது. கவுன்சிலரைத் தூணாக வைத்துக் கட்டும் எதுவும் அந்த மாதிரி இன்னொரு இடைவெளி வந்தால் சரிந்துவிடும். பள்ளிக் குழு அப்படியில்லை. பள்ளி இருக்கும்வரை, பிள்ளைகள் படிக்கும்வரை அதற்கு ஆள் இருக்கும்.

குறை என்னவென்றால், பள்ளியின் காம்பவுண்டோடு அதன் பார்வை நின்றுவிடுகிறது. அங்கன்வாடித் தொட்டி அதன் கணக்கில் வராது. உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயம் இல்லை. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் அம்மா எப்படி உறுப்பினராவார்? அப்புறம், குழு பெற்றோருடையது, பிள்ளைகளுடையது இல்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பது எங்கள் குழுவில் எட்டு மாதம் யாருக்கும் தெரியாது. நாங்கள் அந்தக் கழிப்பறைக்குப் போவதில்லையே.

நான்காவது வழி, பிள்ளைகளுக்கே ஒரு சபை. இதில் நம்மவர்களுக்கு உடனே ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைத் தாண்டி வந்த ஊர்கள் பல. கர்நாடகத்தில் மக்கள கிராம சபை என்று குழந்தைகளுக்கான கிராம சபையை ஊராட்சிகள் நடத்துகின்றன ('மக்களு' என்றால் கன்னடத்தில் குழந்தைகள்). கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பின் பாலசபைகள். அது ஊராட்சியோடு நிற்காமல் நகரங்களுக்கும் வந்திருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டமும் இதில் முன்னோடி. முப்பது வீடு சேர்ந்தால் ஒரு குழந்தைகள் பாராளுமன்றம் என்று அங்கே தொடங்கியது வெளிமாநிலங்கள்வரை போயிருக்கிறது. பிள்ளைகள் தங்களுக்குள் பிரதமரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் சபை கூட்டுவது பெரிய விஷயமில்லை. கூட்டியபின் பணம் எங்கே என்பதுதான் கேள்வி. பிரேசிலில் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் பாஹா மான்ஸா என்றொரு நகரம். பிரேசில் 1990-லேயே குழந்தைகளுக்கென ஒரு முழுச் சட்டம் போட்டு, அதை நடத்தும் பொறுப்பை நகராட்சிகளிடம் இறக்கிய நாடு. அங்கே ஒவ்வொரு நகராட்சியிலும் குழந்தை உரிமையைப் பார்க்க ஐந்து பேர் கொண்ட ஒரு மன்றம் உண்டு. அந்த ஐந்து பேரை ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாஹா மான்ஸா அதோடு நிற்கவில்லை. 1990-களின் கடைசியில், 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் தெருத்தெருவாகக் கூடிப் பேசி, கடைசியில் 18 பையன்கள், 18 பெண்கள் என 36 பேரைத் தங்கள் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நகர பட்ஜெட்டில் ஒரு சிறு பகுதியை அவர்கள் சொன்னபடி செலவு செய்தார்கள். சிறு பகுதிதான். ஆனால் அது பிள்ளைகள் சொன்னதற்குப் போன பணம்.

நம் ஊரில் நடக்கும் பெரும்பாலான குழந்தைகள் சபைகளுக்கு அந்தப் பணம் இல்லை. நவம்பர் 14 அன்று மேடை, மைக், யாரோ எழுதிக் கொடுத்த பேச்சு, பிஸ்கட் பாக்கெட். போன வருடம் கேட்டது என்ன ஆயிற்று என்று இந்த வருடம் யாரும் சொல்வதில்லை. இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாவது தடவை பிள்ளைகள் வரமாட்டார்கள். பெரியவர்கள் என்றால் பிரியாணிக்காகவாவது வருவோம்.

நான்கையும் வைத்துப் பார்த்து நான் கவுன்சிலரிடம் கொடுத்த யோசனை இது. பிள்ளைகள் சபையைத்தான் முதலில் தொடங்க வேண்டும். ஆனால் தனியாக வேண்டாம், பள்ளி மேலாண்மைக் குழுவின் தோளில் ஏற்றிவிடுங்கள். இடம் பள்ளி, நேரம் சனிக்கிழமை சாயங்காலம், கூப்பிடுவது தெருப் பிள்ளைகள் எல்லாரையும். தனியார் பள்ளி, நின்ற பிள்ளை, ஷெட்டுப் பிள்ளை யாராக இருந்தாலும் வரலாம். அங்கே வரும் பட்டியலை அடுத்த ஏரியா சபையில் முதல் பொருளாக வையுங்கள், சாக்கடைக்கு முன்னால். அப்போதுதான் அது மினிட்ஸில் ஏறும், பொறியாளரும் பதில் சொல்வார். கவுன்சிலர் என்ற முறையில் உங்களால் முடிந்த ஒரு தொகையை, அது சின்னதாக இருந்தாலும், பட்டியலுக்கென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்த சபையின் முதல் பத்து நிமிடம் போன பட்டியலின் கணக்கு. பாதுகாப்புக் குழு இதில் எதிலும் தலைகாட்ட வேண்டாம். அது தன் பாட்டுக்கு இருக்கட்டும்.

"ஏரியா சபையில சின்னப் பசங்க லிஸ்ட்டான்னு பெரியவங்க கேப்பாங்களே" என்றார். கேட்பார்கள்தான். ஓட்டுள்ளவர்களின் சபை என்று சட்டம் சொல்வதால், பட்டியலை வாசிக்கப் பள்ளிக் குழுத் தலைவரான அம்மாவை எழுப்பிவிடலாம். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் நிற்கட்டும். நிற்கக் கூடாது என்று எந்த விதியிலும் நான் படிக்கவில்லை.

முதல் சபை போன மாதம் நடந்தது. முப்பது பேரை எதிர்பார்த்தோம், பத்தொன்பது பேர் வந்தார்கள். மைக் வைக்கவில்லை. கையைத் தூக்கிப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காக, ஒரு ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு, எழுதிப் போடுங்கள் என்று வைத்திருந்தோம். கழிப்பறைத் தாழ்ப்பாள் முதலில் வந்தது. அங்கன்வாடித் தொட்டி நான்காவதாக வந்தது, தம்பியை விடப் போகும் அக்கா ஒருத்தி சொன்னாள். டியூஷன் சந்தும் வந்தது. இந்தத் தடவை விளக்கு என்று எழுதாமல், அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டோம். கிரிக்கெட் பிட்ச் வேண்டும் என்று ஆறு சீட்டு, ஆறும் ஒரே கையெழுத்து.

டப்பாவைக் கடைசியாகக் கொட்டி, கவுன்சிலர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு சீட்டைப் பிரித்தவர் வாசிக்கவில்லை. "இதுவும் கிரிக்கெட்தான்" என்று சொல்லி, மடித்து, ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்பில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பிள்ளைகள் எல்லாரும் போனபிறகு பள்ளி வராந்தாவின் அந்தக் கோடிக்குத் தனியாகப் போய் நின்றுகொண்டு, போனில் 1098 அழுத்தினார்.